திம்பம் மலைப்பாதையில் எந்த கியர், எத்தனை ஆர்பிஎம்?

ஆசனூர் வாத்தியார்

வணக்கம். சத்தியமங்கலத்தில் குடியிருந்துகொண்டு ஆசனூர் பக்கத்தில் ஒரு பள்ளியில் பணியாற்றுகிறேன். ஆகவே பண்ணாரியைத் தாண்டியதும் தொடங்கும் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளும் எனக்கு அன்றாட வழி. வண்டி 2021-ஆம் ஆண்டு பல்சர் 150. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் பிரேக். பெரும்பாலான நாட்களில் உடன் பணிபுரியும் நண்பர் ஒருவரும் பின்னால் அமர்ந்து வருவார்.

சமதரையில் எனக்குக் குழப்பம் இல்லை. மலையில்தான் சந்தேகம். இரண்டு வளைவுகளுக்கு இடைப்பட்ட நேர்ப்பகுதியில் மூன்றாவது கியரில் 25 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஆர்பிஎம் (இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது) முள் 2800-ஐ ஒட்டி நிற்கிறது. வண்டி ஏறுகிறது, ஆனால் முக்கிக்கொண்டு ஏறுகிறது. வளைவைச் சுற்றி வெளியே வரும்போது வேகம் 15-க்கு இறங்கிவிடுவதால் பெட்ரோல் டேங்கிலும் ஃபுட்ரெஸ்டிலும் அதிர்வு தெரிகிறது, செயின் தடதடவென்று அடிக்கிறது. நேர்ப்பகுதியிலேயே இரண்டாவது கியருக்கு மாற்றிக்கொண்டால் அந்தத் தொல்லை நின்றுவிடுகிறது. ஆனால் முள் 4000-க்குப் போய் இன்ஜின் கத்த ஆரம்பிக்கிறது.

இப்படிக் கத்தவிட்டால் இன்ஜின் ஆயுளும் போகும், மைலேஜும் போகும், முடிந்தவரை மேல் கியரிலேயே ஓட்டுங்கள் என்பது நண்பரின் கருத்து. வண்டியை முக்கவிடுவதுதான் கெடுதல் என்கிறார் எங்கள் மெக்கானிக். இருவரில் யார் சொல்வது சரி என்பதைக் காரணத்தோடு விளக்க முடியுமா? இந்த வண்டிக்கு இத்தனை ஆர்பிஎம்முக்குக் கீழே போகக் கூடாது, இத்தனைக்கு மேலே போகக் கூடாது என்று ஒரு வரம்பு உண்டா? இறங்கும்போது எந்த கியரில் இறங்குவது என்பதையும் சேர்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.

முறுக்குவிசை

ஐயா, உங்கள் மெக்கானிக் சொல்வது சரி. ஆனால் நண்பர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதி சமதரைக்கு உரியது, மலைக்கு உரியது அன்று. உங்கள் வண்டியின் எண்களைக் கொண்டே இதைப் பார்த்துவிடலாம்.

பல்சர் 150 தன் உச்ச முறுக்குவிசையான (டார்க், அதாவது இன்ஜின் திருகும் விசை) 13.25 நியூட்டன் மீட்டரை 6500 ஆர்பிஎம்மிலும், உச்சத் திறனான 14 பிஎஸ்ஸை (குதிரைத்திறன்) 8500 ஆர்பிஎம்மிலும் தருவதாக நிறுவனம் குறிப்பிடுகிறது. திறன் என்பது முறுக்குவிசையையும் சுழல்வேகத்தையும் பெருக்கிக் கிடைப்பது. நியூட்டன் மீட்டரை ஆர்பிஎம்மால் பெருக்கி 9549-ஆல் வகுத்தால் கிலோவாட் கணக்கு வந்துவிடும். ஆகவே முறுக்குவிசை ஓரளவு மாறாமல் இருந்தாலும்கூட, சுழல்வேகம் பாதியானால் கையில் இருக்கும் திறனும் பாதியாகிவிடும். மலை ஏற்றம் கேட்பது திறனை. இன்ன எடையை இன்ன வேகத்தில் மேலே தூக்கு என்று அது கேட்கும்போது, கொடுக்க முடியாத கியரில் இருந்தால் வண்டி முக்குவதைத் தவிர வேறு வழியில்லை.

வண்டி 150 கிலோ, நீங்கள் இருவரும் சேர்ந்து 140 கிலோ, ஆக மொத்தம் 290 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நேர்ப்பகுதியின் ஏற்றத்தை 8 சதவீதமாக எடுத்துக்கொண்டால், 25 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுவதற்குச் சக்கரத்தில் ஏறக்குறைய 1.9 கிலோவாட் தேவைப்படும். செயினிலும் கியரிலும் ஏற்படும் இழப்பைச் சேர்த்தால் இன்ஜின் 2.1 கிலோவாட் தர வேண்டும். கீழ் ஆர்பிஎம்மில் முறுக்குவிசை உச்சத்தைவிடக் குறைவாகத்தான் இருக்கும் என்பதால் கணக்குக்கு 10 நியூட்டன் மீட்டர் என்று கொள்வோம். மூன்றாவது கியரில், 2800 ஆர்பிஎம்மில், ஆக்சிலேட்டரை முழுவதும் திருகினாலும் கிடைப்பது 2.9 கிலோவாட். அதாவது இருப்பதில் 70 சதவீதத்துக்கு மேல் ஏற்கெனவே செலவாகிக்கொண்டிருக்கிறது. இரண்டாவதில், 4000 ஆர்பிஎம்மில், 4.2 கிலோவாட் கிடைக்கும் என்பதால் அதில் பாதி போதும்.

கொண்டை ஊசி வளைவில் கணக்கு இன்னும் இறுகும். உள்வளைவில் ஏற்றம் 15 சதவீதம் என்று கொண்டால் 15 கிலோமீட்டர் வேகத்துக்கே 2.2 கிலோவாட் வேண்டும். அந்த வேகத்தில் மூன்றாவது கியர் 1700 ஆர்பிஎம்முக்கு இறங்கியிருக்கும். அதே 10 நியூட்டன் மீட்டர் கிடைத்தாலும் 1.8 கிலோவாட்தான் தேறும். தேவையைவிட வரவு குறைவு. ஆகவே நீங்கள் ஆக்சிலேட்டரை எவ்வளவு திருகினாலும் வேகம் குறைந்துகொண்டே போய் வண்டி நின்றுவிடும், அல்லது பதறிப்போய் க்ளட்ச்சைப் பாதி பிடித்து ஏற்றுவீர்கள். இரண்டாவது கியரில் 2400 ஆர்பிஎம்மில் 2.5 கிலோவாட் கிடைக்கும் என்பதால் ஏறிவிடும், ஆனால் மிச்சம் அதிகமிராது. முதல் கியரில் 3400-ஐ ஒட்டி முள் நிற்கும், 3.5 கிலோவாட் கிடைக்கும். வலப்பக்கம் திரும்பும் வளைவில் சாலையின் இடப்புறத்தில், வெளிவட்டத்தில் போகும்போது இரண்டாவது போதும், இடப்பக்கம் திரும்பும் வளைவில் உள்வட்டத்தின் செங்குத்தில் ஏறும்போது, அதிலும் பின்னால் ஆள் இருக்கும்போது, முதல் கியரே தேவைப்படலாம் என்று நான் சொல்வது இதனால்தான். சரிவு, முறுக்குவிசை இரண்டும் நானாக எடுத்துக்கொண்டவை. உண்மையில் சற்றுக் கூடலாம், குறையலாம். ஆனால் மூன்றுக்கும் இரண்டுக்கும் உள்ள இடைவெளி, நீங்கள் கொடுத்த 2800, 4000 ஆகிய உங்கள் முள்ளின் கணக்குப்படியே, 40 சதவீதத்துக்குக் குறையாது.

இனி ஆயுள் பற்றி. 4000 என்பது உங்கள் இன்ஜினுக்கு அதிகமே அல்ல. ஒரு இன்ஜின் அளவுக்கு மீறிச் சுழல்கிறதா என்பதை ஆர்பிஎம்மை மட்டும் வைத்துத் தீர்மானிப்பதைவிட, பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் சராசரி வேகத்தையும் வைத்துப் பார்ப்பது நல்லது. பல்சர் 150-இல் பிஸ்டன் ஓடும் தூரம், அதாவது ஸ்ட்ரோக், 60.7 மில்லிமீட்டர். உச்சத் திறன் தரும் 8500 ஆர்பிஎம்மில் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 17.2 மீட்டர், 4000-இல் 8.1 மீட்டர்தான். எந்த அளவுக்கு ஓடும்படி அதை வடிவமைத்தார்களோ அதில் பாதிகூட இல்லை. கத்துவது போலத் தோன்றுவது பழக்கத்தால்: நகருக்குள் 3000-ஐத் தாண்டாமல் ஓட்டிப் பழகிய காதுக்கு 4000 கூச்சலாகத்தான் கேட்கும்.

முக்குவது ஏன் கெடுதல் என்பதற்கு வேறு காரணங்கள் உள்ளன. ஒற்றை சிலிண்டர் நாலு ஸ்ட்ரோக் இன்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிப்பு நிகழ்கிறது. 4000 ஆர்பிஎம்மில் நொடிக்கு 33 முறை தள்ளுகிறது. 1700-இல் 14 முறைதான். ஆகவே ஒவ்வொரு தள்ளலுக்கும் இடையே கிராங்க் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) வேகம் இழந்து, மறுபடி உதைக்கப்பட்டு, மறுபடி வேகம் இழக்கிறது. செயின் ஒரு கணம் இறுகி மறுகணம் தளர்வதுதான் நீங்கள் கேட்கும் தடதட. அந்த உதை முழுவதும் செயின், ஸ்ப்ராக்கெட், பின்சக்கர கப்ளிங் ரப்பர், கனெக்டிங் ராடின் பேரிங் ஆகியவற்றின் தலையில்தான் விடிகிறது. அதோடு, ஆயில் பம்ப் கிராங்க்கிலிருந்தே சுழல்வதால், பாரம் மிகுந்திருக்கும் அந்த நேரத்தில்தான் ஆயில் ஓட்டம் மிகக் குறைவாக இருக்கும். ஆக்சிலேட்டர் முழுவதும் திறந்து, சுழல்வேகம் குறைந்து, சிலிண்டரும் சூடாகிவிட்டால் நாக்கிங் எனப்படும் தட்டலும் சேர்ந்துகொள்ளும். கோடையில் பண்ணாரி அடிவாரத்து வெயிலில் அதற்கு அதிக நேரம் ஆகாது.

கேட்ட வரம்புக்கு வருகிறேன். ஒரே எண்ணைச் சொல்ல முடியாது, ஏனென்றால் 2500 ஆர்பிஎம் சமதரையில் இதமானது, ஏற்றத்தில் கொடுமை. முள்ளைப் பார்ப்பதைவிட கையைக் கேளுங்கள். இன்னும் சிறிது ஆக்சிலேட்டரைத் திருகினால் வண்டி உடனே முன்னேற வேண்டும். திருகியும் சத்தம் மட்டும் தடித்து வேகம் கூடவில்லை என்றால் நீங்கள் ஒரு கியர் மேலே இருக்கிறீர்கள். ஏற்றத்தில் உங்கள் வண்டிக்கு 3500-இலிருந்து 6000 வரை எந்தத் தயக்கமும் வேண்டாம். இன்ஜின் சூடாகும் முன் விரட்டக் கூடாது என்பது மட்டும் உண்மை. சத்தியமங்கலத்திலிருந்து பண்ணாரி வருவதற்குள் அந்தக் கவலை தீர்ந்துவிடும்.

புல்லட் பிரியன்

கணக்கில் குறை காண முடியாது. ஆனால் 3500-க்குக் கீழே இறங்கினால் பாவம் என்று இதைப் படிக்கும் எல்லோரும் முடிவு கட்டிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். நான் ஓட்டுவது 2021-க்குப் பிறகு வந்த கிளாசிக் 350. அதில் ஆர்பிஎம் முள்ளே கிடையாது. 27 நியூட்டன் மீட்டரை 4000-இலேயே தந்துவிடுகிறது, கிராங்க்கும் கனமானது. வால்பாறையின் 40 வளைவுகளிலும் பல இடங்களில் மூன்றாவது கியரிலேயே, முக்கலும் முனகலும் இல்லாமல், இருவரைச் சுமந்துகொண்டு ஏறியிருக்கிறது. கீழ் ஆர்பிஎம்மில் இழுப்பதற்கென்றே செய்த வண்டியை 5000-இல் வைத்துக் கதறவிடுவதுதான் அதற்குச் செய்யும் கொடுமை.

மேலும், மலைப்பாதையில் ஓயாமல் கியர் மாற்றிக்கொண்டிருப்பவரின் கவனம் சாலையில் இருக்காது. திம்பத்தில் எதிரே வருவது பாரம் ஏற்றிய லாரி. வளைவில் அது முழு அகலத்தையும் எடுத்துக்கொள்ளும்.

முறுக்குவிசை

புல்லட் பிரியன் அவர்களே, நீங்கள் சொல்வது என் கருத்துக்கு எதிரானது அல்ல, அதே கருத்தின் மறுபக்கம். கிளாசிக் 350-இன் ஸ்ட்ரோக் 85.8 மில்லிமீட்டர். அது உச்சத் திறன் தரும் 6100 ஆர்பிஎம்மில் பிஸ்டன் வேகம் நொடிக்கு 17.4 மீட்டர், அதாவது பல்சர் 8500-இல் ஓடும் வேகத்துக்கு ஏறக்குறையச் சமம். ஆகவே உங்கள் 3000-உம் அவருடைய 4200-உம் இன்ஜினைப் பொறுத்தவரை ஒரே உழைப்பு. யமஹா ஆர்15 போன்ற வண்டியில் உச்சத் திறன் 10000 ஆர்பிஎம்மில் வருகிறது; அதை ஓட்டுபவர் உங்கள் பாணியில் மூன்றாவதில் திம்பம் ஏற முயன்றால் முதல் வளைவிலேயே தெரிந்துவிடும். ஒருவர் வண்டியின் எண் இன்னொருவர் வண்டிக்குப் பொருந்தாது என்பதால்தான் வரம்பு என்று ஒரே எண்ணைச் சொல்லத் தயங்கினேன்.

முள் இல்லாத வண்டியில் அதிர்வும் சத்தமுமே முள். ஸ்ப்ளெண்டர் ஓட்டும் பால்காரர் இதையெல்லாம் படித்தா ஏறுகிறார்?

கவனம் பற்றிச் சொன்னதை முழுவதும் ஏற்கிறேன். கியரை வளைவுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே குறைத்துவிட வேண்டும். சாய்ந்து திரும்பிக்கொண்டிருக்கும் நடுவில் க்ளட்ச்சைப் பிடிப்பதைப் போல மோசமான நேரம் வேறில்லை: ஏற்றத்தில் ஒரு நொடி இழுவை அறுந்தாலே வேகம் சரசரவென்று இறங்கிவிடும், வண்டி உள்பக்கமாகச் சரியத் தொடங்கும், இடக்கால் கியரில் இருப்பதால் ஊன்றவும் முடியாது.

ஆசனூர் வாத்தியார்

இருவருக்கும் நன்றி. முறுக்குவிசை அவர்கள் சொன்னபடி, வளைவுக்குப் பத்துப் பதினைந்து மீட்டர் முன்பே இரண்டாவதுக்கு வந்துவிட்டு ஏறிப் பார்த்தேன். செயின் சத்தம் சுத்தமாக இல்லை, நண்பரும் பின்னால் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு சந்தேகங்கள் மீதமுள்ளன. கியரைக் குறைத்து க்ளட்ச்சை விடும்போது வண்டி முன்னால் குத்தியது போல ஒரு வெட்டு வெட்டுகிறது. ஈரத்தில் ஒருமுறை பின்சக்கரம் லேசாக வழுக்கியது. இன்னொன்று, இறக்கம். இதுவரை மூன்றாவது அல்லது நான்காவதில்தான் இறங்குகிறேன். பெட்ரோல் மிச்சம் என்று நண்பர் சில இடங்களில் நியூட்ரலில் விடச் சொல்கிறார். பண்ணாரிக்கு வந்து நிறுத்தும்போது பின்சக்கரத்திலிருந்து கருகல் வாடை வருகிறது.

பட்டறை வேலு

ஐயா, நான் இருபதாண்டுகளுக்கும் மேலாகப் பட்டறை வைத்திருப்பவன். கணக்குச் சொல்ல வராது. ஆனால் மலையிலிருந்து இறங்கி வரும் வண்டிகளின் டிரம்மைக் கழற்றிப் பார்ப்பவன் என்ற முறையில் அந்தக் கருகல் வாடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது பிரேக் ஷூவின் லைனிங் வெந்த வாடை. தொடர்ந்து மிதித்துக்கொண்டே இறங்கினால் லைனிங் பளபளவென்று கண்ணாடி போல ஆகிவிடும்; அதன் பிறகு வண்டி குளிர்ந்திருக்கும்போதும் பிடிப்பு பழையபடி இருக்காது. டிரம்மும் சூட்டில் விரிவதால், மிதி வழக்கத்தைவிட ஆழமாகப் போகும். இறக்கத்தின் கடைசி வளைவுகளில், அதாவது எது வந்தாலும் பிடித்தாக வேண்டிய இடத்தில், இந்த இரண்டும் சேர்ந்து வரும். அடுத்த முறை வண்டியைப் பட்டறைக்கு விடும்போது டிரம்மைத் திறந்து ஷூவைப் பார்க்கச் சொல்லுங்கள். பளபளப்பு ஏறியிருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ஓட்டச் சொல்வார்கள், வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

முன்பக்க டிஸ்க்கும் தப்பிக்காது. டாட் 4 பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரக்கட்டுப்பாடு. ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அப்படி உறிஞ்சியபின் அதே தரக்கட்டுப்பாடு எதிர்பார்ப்பது 155 டிகிரி மட்டுமே. வாங்கியதிலிருந்து மாற்றாமலே ஓடும் வண்டிகளை அன்றாடம் பார்க்கிறேன். கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும், லீவர் கைப்பிடி வரை வந்துவிடும், வண்டி நிற்காது.

ஆகவே இறக்கத்துக்கு எங்கள் பக்கத்து வழக்கம் இதுதான்: ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். நீங்கள் இரண்டாவதில் ஏறுகிறீர்கள், இரண்டாவதிலேயே இறங்குங்கள். ஆக்சிலேட்டரை விட்டுவிட்டால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை வளைவுக்கு முன்னால் மட்டும், சற்று அழுத்தமாகப் பிடித்து, முழுவதுமாக விட்டுவிட வேண்டும். லேசாக மிதித்தபடியே கீழ் வரை வருவதுதான் டிரம்மை வேக வைக்கிறது. இறங்கும்போது முள் 4000, 5000 என்று நிற்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அப்போது இன்ஜினுக்குப் பாரமே இல்லை. நீலகிரி மலைப்பாதைகளில் கீழ் கியரில் இறங்கச் சொல்லி ஓரங்களில் பலகை வைத்திருப்பது லாரிக்கும் பஸ்ஸுக்கும் மட்டுமல்ல.

நியூட்ரலில் இறங்குவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். உங்களுடையது பிஎஸ்6 (புதிய புகைக்கட்டுப்பாட்டுத் தரம்) வண்டி, பெட்ரோலை இன்ஜெக்டர் தெளிக்கிறது. கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரை முழுவதும் மூடினால், இன்ஜின் சக்கரத்தால் சுற்றப்படுவதைக் கண்டுகொண்டு இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) பெட்ரோலை நிறுத்திவிடும். நியூட்ரலில் விட்டால் இன்ஜின் அணையாமல் இருப்பதற்காகப் பெட்ரோல் தெளித்துக்கொண்டே இருக்கும். ஆக, உங்கள் நண்பர் மிச்சம் என்று சொல்வதுதான் செலவு. பழைய கார்புரேட்டர் வண்டியில் அந்தக் கணக்கு வேறு. ஆனால் அந்த வண்டியிலும் பிடிமானம் போவது போவதுதான்.

வெட்டு வெட்டுவதற்குக் காரணம், மூன்றாவதில் 2800-இல் சுற்றிய இன்ஜினை நீங்கள் க்ளட்ச்சைச் சட்டென்று விட்டு ஒரே நொடியில் 4000-க்கு இழுப்பது. அதை இழுப்பது பின்சக்கரம். தரை ஈரமாகவோ சருகு கிடந்தோ இருந்தால் பிடி விட்டு வழுக்கும். முதலில் பிரேக்கால் வேகத்தைக் குறையுங்கள். பிறகு க்ளட்ச்சைப் பிடித்து, கியரைக் குறைத்து, க்ளட்ச்சை விடும் முன் ஆக்சிலேட்டரை ஒரு சிட்டிகை திருகி முள்ளை மேலே கொண்டுவந்து, அதன் பிறகு விரலால் அவிழ்ப்பது போல க்ளட்ச்சை விடுங்கள். இரண்டும் ஒரே வேகத்தில் சந்தித்தால் கியர் மாறியதே தெரியாது. பழகும் வரை திருகாமல், க்ளட்ச்சை மெதுவாக விடுவது மட்டுமே போதும். நாலாவதிலிருந்து ஒரே மூச்சில் இரண்டாவதுக்குத் தட்டாதீர்கள், ஒவ்வொன்றாக இறங்குங்கள். சில வண்டிகளில் வரும் ஸ்லிப்பர் க்ளட்ச் இந்த வெட்டைத் தானாகவே குறைத்துவிடும், உங்கள் வண்டியில் அது இல்லை.

ஒன்று விட்டுப்போயிற்று. ஏற்றத்தில் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் இரண்டாவதில் ஆஃப் க்ளட்ச் பிடித்து ஊர்ந்து போவார்கள். ப்ளேட் போவது அங்கேதான். முதல் கியரில் க்ளட்ச்சை முழுவதும் விட்டு ஊர்ந்து போங்கள். அதுவும் முடியாத அளவு மெதுவாக லாரி போனால், ஓரத்தில் நின்று இடைவெளி விட்டு ஏறுங்கள். கரும்பு லாரியாக இருந்தால் இடைவெளி இன்னும் கூட இருக்கட்டும். அதற்காகக் காத்திருக்கும் யானையை நீங்கள் முதலில் பார்ப்பது நல்லது.

முறுக்குவிசை

வேலு அண்ணன் கணக்குச் சொல்ல வராது என்று சொல்லிவிட்டு எல்லாக் கணக்கையும் சொல்லிவிட்டார். அந்த வாடை எங்கிருந்து வருகிறது என்பதற்கு மட்டும் ஓர் எண்: 290 கிலோ எடை 700 மீட்டர் உயரம் இறங்குகிறது என்று கொண்டால், வெளியேற்ற வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய 20 லட்சம் ஜூல். ஆறரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான வெப்பம் இது. காற்றும் டயர் உராய்வும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும், மிச்சத்தில் பெரும்பகுதியை இன்ஜின் எடுத்துக்கொள்ளலாம், அல்லது கையளவு டிரம்மும் ஒரு டிஸ்க்கும் எடுத்துக்கொள்ளலாம்.

முதல் பதிலில் நண்பரின் பாதி உண்மை என்று சொன்னேன், அதை விளக்காமல் விட்டுவிட்டேன். சத்தியமங்கலம் – பண்ணாரிச் சமதரையில் 50 கிலோமீட்டர் சீரான வேகத்தில் போகும்போது தேவைப்படும் திறன் குறைவு. அதை மூன்றாவது கியரில் கொடுத்தால், ஆக்சிலேட்டர் ஏறக்குறைய மூடியே இருக்கும். மூடிய வாய் வழியாகக் காற்றை உறிஞ்சுவதற்கே இன்ஜின் தன் உழைப்பில் ஒரு பகுதியைச் செலவிடும், சுழல்வேகம் கூடியிருப்பதால் உள் உராய்வும் கூடும். ஐந்தாவதில் போனால் வாய் அகலத் திறந்து, சுழற்சியும் குறைந்து, அதே வேலைக்குக் குறைந்த பெட்ரோல் போதும். ஆகவே அங்கே மேல் கியரில் போவதே சரி, கை திருகினால் வண்டி கேட்கும் வரை. மலையில் அதே அறிவுரை மைலேஜையும் தராது. முழுவதும் திறந்த ஆக்சிலேட்டரில் இசியு கலவையில் பெட்ரோலைக் கூட்டித்தான் கொடுக்கும்.

ஆசனூர் வாத்தியார்

வேலு அண்ணன் சொன்னபடி ஷூவைப் பார்க்கச் சொல்கிறேன். கடைசியாக ஒன்று: பின் ஸ்ப்ராக்கெட்டை இரண்டு பல் கூடியதாக மாற்றினால் மூன்றாவதிலேயே ஏறிவிடலாம் என்று ஒரு கடையில் சொன்னார்கள். செய்யலாமா?

முறுக்குவிசை

வேண்டாம் ஐயா. உதாரணமாக 42 பல் இருக்கும் இடத்தில் 44 போட்டால் சக்கரத்தில் கிடைக்கும் இழுவை 5 சதவீதம்தான் கூடும். மூன்றாவதுக்கும் இரண்டாவதுக்கும் உள்ள இடைவெளி 40 சதவீதம் என்று மேலே பார்த்தோம்; அதில் எட்டில் ஒரு பங்கைத்தான் அந்த இரண்டு பல் நிரப்பும். வளைவில் நீங்கள் அப்போதும் இரண்டாவதுக்கு வரத்தான் வேண்டியிருக்கும், சமதரையில் மட்டும் ஐந்தாவது கியரிலும் இன்ஜின் எப்போதும் 5 சதவீதம் கூடுதலாகச் சுற்றிக்கொண்டிருக்கும்.

பட்டறை வேலு

ஸ்ப்ராக்கெட்டை விடுங்கள் ஐயா. இவ்வளவு நாள் அந்தத் தடதட இருந்திருக்கிறது என்றால் கப்ளிங் ரப்பர் அநேகமாக நைந்திருக்கும். ஷூவைப் பார்ப்பதற்குப் பின்சக்கரத்தைக் கழற்றத்தான் போகிறார்கள். அப்போதே அதையும் பார்த்து, செயின் தளர்வையும் சரிசெய்யச் சொல்லிவிடுங்கள்.